கோடும் கோட்டமும்

தமிழில் 'கோடு' என்னும் சொல் வியப்புக்குரியது. பள்ளிச் சிறுவன் அடிக்கோலை வைத்து இழுப்பதும் கோடு. யானையின் தந்தமும் எருதின் கொம்பும் கோடு. மலையின் முகட்டுக்கும் அதுவே பெயர். திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயர் இதற்குச் சான்று. வளைதல், சாய்தல், நடுநிலை தவறுதல் ஆகியவற்றையும் 'கோடுதல்' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஒருபால் சாயாத நெஞ்சின் இயல்பைத் திருவள்ளுவர் 'கோடாமை' என்று குறித்ததும் அதனாலேயே. நேரானது, வளைந்தது, உயர்ந்தது ஆகிய மூன்றையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிய மொழி, நேர்மை பற்றியும் வளைவு பற்றியும் எளிதில் தீர்ப்புக் கூறிவிடாதீர் என்று நம்மை எச்சரிப்பதுபோல் தோன்றுகிறது.

இன்று 'நேர்க்கோட்டுத் தன்மை' என்ற தொடர் பல துறைகளில் வழங்குகிறது. தொடக்கம், நடு, முடிவு என்று வரிசை பிறழாமல் சொல்லப்படுவது நேர்க்கோட்டுக் கதை. விசையை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்குமானால் அறிவியலார் அதனை நேர்க்கோட்டு உறவு என்பர். உட்கொள்ளும் மருந்தின் அளவுக்கு ஒத்தபடி இரத்தத்தில் அதன் செறிவு கூடுமானால், மருத்துவரும் அதே பெயரையே இடுவர். ஒரு நாடு பின்தங்கிய நிலையிலிருந்து முன்னேறிய நிலைக்குச் செல்கிறது என்று நாம் பேசும்போதும் மனக்கண்முன் நிற்பது ஒரு நேர்க்கோடே. 1990-களில் நம் சிற்றிதழ்களில் 'நான்-லீனியர்' எழுத்து என்ற பேச்சு எழுந்தபின், நேர்க்கோடு என்றாலே பழமை, சிதறலும் வளைவுமே புதுமை என்ற எண்ணமும் படித்தவரிடையே பரவிற்று. நேர்க்கோட்டை வழிபடுவோர் ஒருபுறம், அதனைப் பழிப்போர் மறுபுறம் என நிற்க, அதன் மெய்யான பணி யாது என்னும் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்கேள்வியைக் கலை, அறிவியல், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

மலைப்பாதை தரும் பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையேறுவோர் வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதியை அடையுமுன் எத்தனையோ வளைவுகளைக் கடக்கின்றனர். இம்மலைத்தொடர் ஏறத்தாழ 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்தது. வரைபடத்தில் அடிவாரத்தையும் கரியாலூரையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துவிடலாம். தொலைவு மிகக் குறைவாகவே தோன்றும். ஆயினும் அந்தக் கோட்டின் வழியே ஒரு பேருந்து செல்ல இயலாது. இருபதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் 600 மீட்டர் உயர வேண்டுமாயின் 12 கிலோமீட்டர் நீளச் சாலை தேவை. அந்த 12 கிலோமீட்டரையும் மலைச்சரிவில் அடக்குவதற்காகவே சாலை கொண்டை ஊசிபோல் மடங்கி மடங்கிச் செல்கிறது. சரிவு என்னும் உண்மைக்குப் பொறியாளர் தரும் மரியாதையே அந்த வளைவு.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. மலைவாழ் மக்கள் கால்நடையாக ஏறும் ஒற்றையடிப் பாதைகள் சாலையைவிடப் பலவிடத்தும் நேரானவை. வலுவுள்ள இளைஞர் செங்குத்தாக ஏறிவிடுவர். பேறுகால வலியில் துடிக்கும் தாய்க்கோ அந்த நேர்பாதை மிக நீண்டது. வளைந்து செல்லும் தார்ச்சாலையே அவளுக்குக் குறுக்குவழி. சாலை எட்டாத மலைச் சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கும் அவலத்தைச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். எது நேர்வழி என்பதை வரைபடத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது; அவ்வழியே செல்பவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

சிற்பியின் நூல்

கலையில் நேர்க்கோட்டின் இடத்தை அறிய நம் சிற்ப மரபைவிடத் தெளிவான சான்று வேறில்லை. படிமம் வடிக்கும் சிற்பி முதலில் ஒரு நேர்க்கோட்டை மனத்தில் நிறுத்துகிறார். உச்சந்தலையிலிருந்து முகத்தின் நடு, மார்பு, கொப்பூழ் வழியாகப் பாதங்களின் இடைவரை இறங்கும் அந்தக் கோட்டைப் 'பிரம்ம சூத்திரம்' என்பர். சூத்திரம் என்றால் நூல். நிமிர்ந்து நிற்கும் சமபங்க வடிவில் அந்நூல் உடலைச் சரிபாதியாகப் பகுக்கும். ஆபங்கத்தில் உடல் சிறிது ஒசியும். திரிபங்கத்தில் தலை, இடை, கால் என மூவிடத்தில் வளையும். ஒவ்வோர் உறுப்பும் அந்த நேர்நூலிலிருந்து எத்தனை அங்குலம் விலக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சுவாமிமலைச் சிற்பிகள் தென்னை ஓலை நறுக்கையே படிமத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு காண்பர்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு இடபவாகனர் படிமத்தை எண்ணிப் பார்ப்போம். காளை அருகில் இல்லை. ஆயினும் அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஒருவரின் இயல்பான ஒசிவு அவ்வுடலில் நிறைந்திருக்கிறது. சாய்ந்தும் விழாமல் நிற்கும் அந்த அமைதியைத் தருவது கண்ணுக்குப் புலப்படாத நேர்நூலே. வேலை முடிந்தபின் நூல் அங்கே இராது. அதனை யாரும் தேடுவதுமில்லை. ஆனால் அது இல்லாமல் வளைந்திருப்பின் அது ஒசிவாக இராது, சரிவாகவே இருக்கும். கலையில் நேர்க்கோடு வடிவத்தின் எசமானன் அன்று. வடிவம் தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளத் துணைநிற்கும் பணியாளன்.

நூல் என்ற சொல் நமக்கு ஏட்டையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சன் நூலிட்டு நீக்குவதுபோல் மாந்தர் மனக்கோணலை நீக்குவது நூல் என்று நன்னூல் உவமை கூறுகிறது. அதனோடு வள்ளுவரின் இன்னொரு கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்பு நேரானது, ஆயினும் கொடியது. யாழின் தண்டு வளைந்தது, ஆயினும் இனியது. ஆகவே வடிவத்தைக் கொண்டன்றிச் செயலைக் கொண்டே மக்களை மதிப்பிடுக என்கிறார் அவர். நூலிட்டு நேராக்கத் தக்க கோணலும் உண்டு. நேராக்கினால் இசை இழந்துபோகும் வளைவும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியும் அறிவே திறனாய்வு.

கிறித்தவக் கலையிலும் இந்த இணைவைக் காண்கிறோம். சிலுவை என்பது ஒன்றையொன்று வெட்டும் இரு நேர்க்கோடுகள். இத்தாலிய ஓவியர் சிமாபுவே 13ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் பிளாரன்ஸ் நகரின் திருச்சிலுவைக் கோவிலுக்கு எழுதிய பாடுபட்ட உருவில், அந்த விறைத்த மரத்தின்மேல் இயேசுவின் உடல் ஒரு பக்கமாக வளைந்து தொங்குகிறது. 1966-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அவ்வோவியம் பெரிதும் சிதைந்தது. எஞ்சிய பகுதியிலும் அவ்வளைவு நம்மை நிறுத்திவிடுகிறது. மரம் நேரானது, உடல் வளைந்தது. துன்பம் எத்தகையது என்பதை அவ்விரண்டின் முரணே சொல்லிவிடுகிறது.

நம் முற்றத்துக் கோலமும் இதற்கு ஒரு சான்று. சிக்குக் கோலத்தில் புள்ளிகள் நேர் வரிசையில் நிற்கும். இழையோ ஒரு புள்ளியையும் தொடாமல் வளைந்து, நெளிந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணியும் அவர்தம் துணைவியார் இராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970-களில் இக்கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டால் ஆராய்ந்து உலகக் கவனத்துக்குக் கொணர்ந்தனர். எழுதப் படிக்க அறியாத பெண்ணொருத்தியின் விரல்நுனியில் கணிதம் ஒளிந்திருந்தது என்பது அவ்வாய்வின் பயன். ஒழுங்கு என்பது நேர்க்கோட்டின் தனியுடைமை அன்று. வளைவுக்கும் இலக்கணம் உண்டு.

இரு ஓவியர், ஒரு மனிதர்

கோட்டையே உயிராகக் கொண்ட இரு ஓவியரை ஒப்பிடுவது இங்கே பொருந்தும். 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தபோது நந்தலால் போஸ் அவரை லினோகட் என்னும் செதுக்கு அச்சில் வடித்தார். கையில் கோல், முன்வைத்த கால், சில கோடுகள், அவ்வளவே. அந்தக் கோடுகள் தாம் செல்லும் இடத்தை அறிந்தவை. தயக்கம் அவற்றில் இல்லை. நெடுவழி நடந்து உப்பை அள்ளப் புறப்பட்ட ஒருவரின் உறுதிக்கு அதனினும் ஏற்ற வடிவம் அமைவது அரிது.

1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி, துறையூர்ப் பகுதியில் பிறந்த கே. எம். ஆதிமூலம் அதே மனிதரைக் கருப்பு மையில் வரிசையாக வரைந்தார். கே. சி. எஸ். பணிக்கர் முதலானோர் வழிநடத்திய சென்னை ஓவிய இயக்கம், கோட்டை நம் மரபின் தனிச்சொத்தாகக் கருதிப் போற்றிய காலம் அது. ஆதிமூலத்தின் கோடுகள் ஒன்றும் நேராகச் செல்வதில்லை. அவை கீறுகின்றன, பின்னுகின்றன, முறிகின்றன, மீண்டும் தொடங்குகின்றன. முகத்தின் ஓரம் இதுதான் என்று காட்டும் ஒற்றைக் கோடு அங்கே இல்லை. நூற்றுக்கணக்கான கீறல்களின் நெரிசலிலிருந்து ஒரு முதியவரின் முகம் மெல்ல எழுகிறது.

இவற்றுள் எது சிறந்தது? போஸின் படம் ஒரு நாளின் காந்தியைக் காட்டுகிறது. அதன் தெளிவே அதன் ஆபத்தும் ஆயிற்று. சுவரொட்டியிலும் சின்னத்திலும் இடம்பெற்றுப் பழகியபின், அதைப் பார்ப்பவர் அந்த மனிதரைப் பார்ப்பதில்லை. ஆதிமூலத்தின் படங்கள் ஒரு வாழ்நாளின் காந்தியைத் தேடுகின்றன. ஐயம், நோன்பு, தோல்வி, பிரிவினைக் காலத்துத் தனிமை ஆகியவற்றுக்கு அக்கோட்டுச் சிக்கலில் இடம் இருக்கிறது. பின்னலே பழக்கமாகி வெறும் கைத்திறனாகத் தேய்ந்துவிடும் ஆபத்து அவ்வழியிலும் உண்டு. இவ்வரிசையில் அது நேரவில்லை, ஏனெனில் ஒவ்வொரு சிக்கலின் நடுவிலும் ஒரு பார்வை நம்மை நேராக நோக்குகிறது. நாம் ஆதிமூலத்தின் பக்கமே சற்றுச் சாய்கிறோம். அவ்வளவு கோட்டம் திறனாய்வுக்குப் பொறுக்கத்தக்கதே. ஆயினும் போஸின் நேர்மை இல்லாதிருந்தால் ஆதிமூலத்தின் தேடலுக்கு எதிர்நிலை ஒன்று இராது என்பதையும் மறக்கலாகாது.

அறிவியலின் அடக்கம்

அறிவியல்தான் நேர்க்கோட்டு எண்ணத்தை நம் தலையில் ஏற்றியது என்று சிலர் குறைகூறுவர். இக்குற்றச்சாட்டு முழுதும் நியாயமன்று. இராபர்ட் ஊக் 1678-இல் வெளியிட்ட விதியின்படி, சுருள்வில்லை இழுக்கும் விசைக்கு ஏற்ப அதன் நீட்சி அமையும். மீன்கடையில் காணும் வில் தராசு இவ்விதியின் குழந்தை. ஆயினும் அவ்விதியோடு ஒரு நிபந்தனையும் பிறந்தது: மீட்சி எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். எல்லை கடந்து இழுத்தால் வில் தன் நிலைக்குத் திரும்பாது. மேலும் இழுத்தால் அறுந்துபோகும். அறிவியலார் கூறும் 'எல்லைக்குள்' என்ற சொல்லைத் தவறவிட்டு, மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டோர் நாமே. பிள்ளையை இன்னும் இரண்டு மணி நேரம் படிக்க வைத்தால் இன்னும் இருபது மதிப்பெண் வரும் என்று கணக்கிடும் பெற்றோர் எத்தனை பேர்!

நேர்க்கோட்டை அறிவியல் எதற்காகப் பயன்படுத்திற்று என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அரிய சான்று உண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, பரங்கிமலை அருகிலுள்ள சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலிகொண்டு அளந்தார். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதன் வெப்பத்தையும் கணக்கில் கொண்டார்; வாரக்கணக்கில் அவ்வளவு பொறுமையோடு அளந்த அந்தக் கோடே இந்தியப் பெரு முக்கோண அளவைக்கு அடித்தளமாயிற்று. அவ்வளவையின் உயரிய நோக்கங்களுள் ஒன்று நிலவுலகின் வளைவை அறிவதாகும். உலகம் உருண்டையானது, துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதைக் காண ஒரு நேர்க்கோடு வேண்டியிருந்தது. சிற்பியின் நூலுக்கும் லாம்டனின் சங்கிலிக்கும் இடையே உள்ள உறவு இதுவே.

20ஆம் நூற்றாண்டு இன்னும் ஒருபடி சென்றது. 1961-இல் எட்வர்டு லாரன்சு என்னும் வானிலை அறிஞர், தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டார். பத்தாயிரத்தில் சில பங்கே வேறுபாடு. விளைவிலும் அவ்வளவு சிறிய வேறுபாடே இருக்கும் என்பது நேர்க்கோட்டு எதிர்பார்ப்பு. வந்த வானிலையோ முற்றிலும் வேறாக இருந்தது. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு புதிய துறையின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று. இதனைக் கொண்டு உலகில் ஒழுங்கே இல்லை என்று முடிவுகட்டுவோர் உளர். லாரன்சு கண்டது அதுவன்று. அவருடைய சமன்பாடுகள் உறுதியானவை. நம் முன்னறியும் ஆற்றலுக்குத்தான் எல்லை இருந்தது. சிதறலே உண்மை என்று கூறி இலக்கியத்தில் பொறுப்பைக் கைவிடுவோர் அறிவியலைத் துணைக்கு அழைக்க இயலாது.

மருந்தும் நஞ்சும்

மருத்துவத்தில் இப்பொருள் உயிர்நிலையானது. பெரும்பாலான மருந்துகள் வழக்கமான அளவுக்குள் நேர்க்கோட்டு இயல்புடையவை. இருமடங்கு கொடுத்தால் இரத்தத்தில் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். ஆனால் வலிப்பு நோய்க்குத் தரும் பெனிட்டாயின் அப்படியன்று. ஓர் அளவுக்குமேல் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அதன் செறிவு திடுமென உயர்ந்து நஞ்சாகும். காரணம் எளிது. மருந்தைச் சிதைக்கும் நொதி ஒரு பரிசல் போன்றது. கரையில் பத்துப் பேர் நின்றால் அனைவரையும் ஏற்றிச் செல்லும். நூறு பேர் நின்றாலும் ஒரு நடைக்குப் பத்துப் பேரே. எஞ்சியோர் கரையில் குவிவர்.

மதுவின் கதியும் அதுவே. உடலில் சேர்ந்த மது, மணிக்கு ஏறத்தாழ இவ்வளவு என்ற ஒரே அளவில் குறையும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுவினார். தாளில் வரைந்தால் அது அழகிய நேர்க்கோடாக இறங்கும். அந்த நேர்க்கோடு காட்டுவது உடலின் நலத்தை அன்று. கல்லீரலின் பரிசல் நிரம்பிவிட்டது, அதனால் இனி விரைய இயலாது என்பதையே. நேராகத் தோன்றுவதெல்லாம் நலம் என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்வது நன்று.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நேர்ந்ததை நாம் மறக்க இயலாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். கல்வராயன் மலையின் பெயரும் அப்பொழுது அடிபட்டது. ஆனால் மெத்தனால் மலைக்காட்டில் ஊறுவதன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். அதன் கொடுமை அது நேர்க்கோட்டில் செயற்படாமையே. குடித்தவுடன் வரும் மயக்கம் மற்ற மதுவைப் போன்றதே. பின்னர் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட, பெரிதாக ஒன்றும் நிகழாது. அவ்வேளையில் கல்லீரல் அதனைப் பார்மிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கும். அமிலம் குவிந்தபின் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், கண்முன் பனிமூட்டம் போன்ற மங்கல், பார்வையிழப்பு, மரணம் என அனைத்தும் விரைந்து வரும். 'நேற்றுக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இன்றும் ஆகாது' என்னும் எளிய நேர்க்கணக்கே இத்தகைய வேளைகளில் உயிரைப் பறிக்கிறது. காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையை அடைந்தால், நஞ்சு அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் பலரைக் காக்க இயலும். குடித்தவர் நலமாகத் தோன்றும் அந்த இடைவெளியே காப்பாற்றத்தக்க காலம் என்பதை ஒவ்வொரு பங்கிலும் ஊரிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற குரல் எழுந்தது. நம் கோவில் முற்றங்களில் அக்குரல் ஒலிக்கவே இல்லை என்று சொல்ல நம்மால் இயலாது. இதுவும் ஒரு நேர்க்கோட்டு எண்ணமே: குற்றத்தின் அளவுக்குத் துன்பம், துன்பத்தின் அளவுக்குக் குற்றம். யோபுவின் நண்பர்கள் பேசிய கணக்கு இது. அவர்கள் உண்மையாய்ப் பேசவில்லை என்று அந்நூலின் இறுதியில் ஆண்டவரே கடிந்துகொள்கிறார். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஏற்கவில்லை என்பதை யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். தந்தையை இழந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எந்த விகிதத்தில் அவன் தந்தையின் குற்றத்தோடு சேர்த்து எழுதுவது?

குழந்தை வளர்ச்சியும் இக்கணக்குக்கு அடங்குவதில்லை. உயரம் கூடுவதை மருத்துவ நூல்கள் 'நேர்க்கோட்டு வளர்ச்சி' என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் 1992-இல் மிசெல் லாம்பல் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, கைக்குழந்தை நாள்தோறும் சிறிது சிறிதாக நீள்வதில்லை என்று காட்டிற்று. பல நாள் அசையாதிருந்து, ஒருநாள் திடுமென நீண்டு, மீண்டும் அசையாதிருப்பதே அதன் வழி. தாய்மார் 'ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டான்' என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சன்று போலும். எனினும் அளவுகோலை எறிந்துவிடச் சொல்ல மாட்டோம். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம், சிற்றூர்க் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை கூடாமல் நின்றுவிட்ட குழந்தையைக் கண்டறிந்து உணவளித்தது. குழந்தை எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட எத்திசையில் செல்கிறது என்று பார்த்ததே அதன் சிறப்பு. அட்டையில் வரையப்பட்ட கோடு அங்கே தீர்ப்பாக இராமல் எச்சரிக்கையாக இருந்தது.

வரிசையில் நிறுத்தப்பட்டோர்

நேர்க்கோட்டு எண்ணம் பெருங்கேடு விளைப்பது மக்களினங்களை அதனால் அளக்கும்போதுதான். அமெரிக்க அறிஞர் லூயிசு மார்கன் 1877-இல் வெளியிட்ட நூலில், மனித இனம் முழுவதும் காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் ஒரே ஏணியில் ஏறுவதாகக் கூறினார். அறிஞர் உலகம் அவ்வேணியை எப்போதோ கைவிட்டது. நம் பேச்சிலோ அது இன்னும் நிற்கிறது. கல்வராயன் மலைவாழ் மலையாளி மக்களைப் பற்றி 'அவர்கள் நம்மைவிட நூறாண்டு பின்தங்கியவர்கள்' என்று சமவெளியார் இரக்கத்தோடு கூறுவதைக் கேட்கிறோம். தமிழ் பேசும் அம்மக்களிடையே, தம் மூதாதையர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்ற மரபு வழங்குகிறது. நகரத்திலிருந்து மலைக்குச் சென்றதாகத் தம்மை உணரும் ஒரு மக்களை, நகரத்துக்கு முந்திய படியில் நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்?

அவர்கள் வாழ்வு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் காலத்தில் பின்தங்கியமை அன்று. வரலாற்றில் பலர் எடுத்த முடிவுகளே. 1947-இல் நாடு விடுதலை பெற்றபின்னும் கல்வராயன் மலை மூன்று சாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவ்வாளுகை முடிவுக்கு வந்தது 1976-இல். இடைப்பட்ட 29 ஆண்டுகளை எந்த நேர்க்கோட்டில் வைப்பது? 2024 துயரத்துக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் அம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை காலம் கனிந்தால் தாமே வந்துசேரும் படிகள் அல்ல. கொடுக்க வேண்டியவர் கொடாதிருந்த கடன்கள். 'பின்தங்கியோர்' என்ற சொல் அக்கடனை மறைத்து, பழியைக் கடன்பட்டவரிடமிருந்து கடன் பெற வேண்டியவர்மேல் சாய்த்துவிடுகிறது.

காலம் சக்கரம்போல் சுழன்று திரும்பத் திரும்ப வருகிறது என்ற கருத்தைப் புனித அகுஸ்தீனார் தம் 'இறைவனின் நகரம்' நூலில் மறுத்தார். மீட்பு ஒருமுறை நிகழ்ந்தது, வரலாற்றுக்குத் தொடக்கமும் நிறைவும் உண்டு என்பது அவர் நிலை. இதனால் கிறித்தவம் நேர்க்கோட்டுச் சமயம் என்று எழுதுவோர் பலர். திசை உண்டு என்பது உண்மையே. திசை உடையதெல்லாம் நேராகச் செல்லும் என்பது பொருந்தாது. இசுரயேலரைப் பெலிஸ்தியர் நாட்டு வழியே, அது அண்மையாயிருந்தும், கடவுள் அழைத்துச் செல்லவில்லை. பாலைவழியே சுற்றி நடத்தினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. எசாயா இறைவாக்கினர் கோணலானவை நேராகும் என்று முழங்கியபோதும், நேராக்கப்பட வேண்டியதாக அவர் காட்டியது பாதையை. அவ்வழியே வீடு திரும்பும் அடிமைகளையும் நூலிட்டுச் செதுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே நம் முடிவு இது. நேர்க்கோடு அளப்பதற்கு உரியது. சிற்பிக்கும் லாம்டனுக்கும் மருத்துவருக்கும் அது அவ்வாறே பயன்பட்டது. அளக்கப்படும் பொருள் அளவுகோலைப்போல் இருந்தாக வேண்டும் என்று நாம் வற்புறுத்தும்போது கலை சின்னமாகச் சுருங்குகிறது, மருந்து நஞ்சாகிறது, மக்கள் 'பின்தங்கியோர்' ஆகின்றனர். வளைவை வெறுமனே புகழ்வதும் இதற்கு மாற்றாகாது. நடுநிலை தவறிய நீதிக்கும் கணக்கில் வராத சாலைப் பணத்துக்கும் வளைவு என்றே பெயர். பொதுப்பணத்தின் கணக்கு நூல்பிடித்தாற்போல் நேராக இருக்கட்டும். அப்பணத்தில் அமையும் சாலை, கரியாலூருக்கு அப்பால் மலைமடிப்பில் உள்ள கடைசிக் குடிசைவரை, எத்தனை வளைவு வேண்டுமோ அத்தனை வளைவோடு சென்று சேரட்டும்.